தீவன ரூம் சுவத்துல ஒட்டுன பக்கம்

மடிக்காதீங்கண்ணா. ஒரே நிமிஷம். அந்தப் பக்கத்தை அப்படியே விரிச்சுப் பிடிங்க.

பாத்தீங்களா? இந்த மூலைல ஒரு நகைக்கடை, அந்த மூலைல ஒரு மூட்டுவலித் தைலம், நடுவுல செய்தி மூச்சு முட்டிக் கெடக்குது. தலைப்பு நீலத்துல. அதுக்குக் கீழ சிவப்புல ஒண்ணு. அதுக்கும் கீழ மஞ்சப் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்துல கறுப்பு அம்பு. கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தமெல்லாம் ஒரே பெஞ்சுல நெருக்கி உக்காந்து ஆளாளுக்குப் பேசற மாதிரி இல்லீங்களா? மன்னிச்சுக்கங்க, உங்க பேப்பரு. நீங்க படிங்க. எனக்கு இது ஒரு பழக்கமாப் போச்சு. யார் கைல காகிதம் இருந்தாலும் கண்ணு அங்க ஓடிருது. டீக்கடைல வடை மடிச்சுக் குடுத்த பேப்பரைக்கூட எண்ணெயோட விரிச்சுப் பாப்பேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதில்லீங்க. எப்படி வெச்சிருக்காங்கன்னு பாப்பேன்.

என்ற பேரு ஜெகதீசன். பத்திரிகைப் பக்கம் வடிவமைக்கறதுதான் தொழிலு. கோயமுத்தூர்ல ஒரு பெரிய துணிக்கடைக்காரங்க மாசாமாசம் சொந்தமா ஒரு புத்தகம் கொண்டு வரப் போறாங்களாம். அதுக்கு ஆள் எடுக்கறாங்க. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். நீங்க அவினாசி வரைக்குமா? சரி. அப்ப நேரம் இருக்குது.

இந்த சீட்டு சூடா இருக்குதுங்களா, எனக்கு மட்டுந்தான் அப்படித் தோணுதா? எஞ்சின் மேல உக்காந்துட்டமாட்ட இருக்குது. பரவால்ல, நீங்க நகர வேண்டாம்.

நான் முன்னால மெட்ராஸ்ல இருந்தேனுங்க. ஒரு வாரப் பத்திரிகைல. ஒரு தீபாவளி மலருக்கு, அட்டைல ஒரே ஒரு எரிஞ்சு முடிஞ்ச மத்தாப்புக் கம்பியை மட்டும் வெச்சேன். சாமி இல்ல, நடிகை இல்ல, பட்டுச்சேலை இல்ல. அந்தக் கம்பி மட்டும். தொழில்ல இருக்கறவங்க அதைப் பத்தி ரொம்ப நாள் பேசுனாங்க. அப்புறம் அந்தப் பத்திரிகை அச்சடிக்கறதை நிறுத்திட்டு செல்போனுக்குள்ள போயிருச்சு. செல்போன்ல எங்கண்ணா பக்கம் இருக்குது? ஒரே பத்தி. மேல இருந்து கீழ தள்ளிக்கிட்டே போகணும், கெணத்துக்குள்ள கயிறு விடற மாதிரி. எனக்கு அங்க வேலை இல்லைன்னுட்டாங்க.

நாமக்கல்லுக்கே திரும்பி வந்தேன். எங்க ஊருல என்னங்க இருக்குது? லாரி இருக்குது, கோழி இருக்குது. கோழிக்கு ஒரு மாசப் புத்தகம் இருந்துச்சு. 'முட்டையும் பண்ணையும்'னு பேரு. சிரிக்காதீங்க. நானும் முதல்ல சிரிச்சேன். நடத்துனது டாக்டர் இந்திராணி அம்மா. கால்நடை டாக்டர், கவர்மெண்ட்ல இருந்து ரிட்டயரானவங்க. கட்டுரையெல்லாம் அவங்களே எழுதுவாங்க. பண்ணைக்காரங்க சந்தா கட்டி வாங்குவாங்க.

அந்தப் புத்தகத்தை நீங்க பாத்திருக்கணுமே. அட்டைல ஒரு கோழி, கோழிக்கு மேல ஒரு முட்டை, முட்டைக்குள்ள ஒரு மந்திரி. உள்ள திருப்புனா தடித்தடியா எழுத்து. 'கவனம்!' 'எச்சரிக்கை!' 'மறந்துவிடாதீர்கள்!' ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஆச்சரியக்குறி, மூணு மூணா. புத்தகமே நம்மளைப் பாத்துக் கத்தும்.

சேந்த அன்னிக்கே கேட்டேன். "அம்மா, இதை நான் மாத்தட்டுங்களா?"

"மாத்து. பண்ணைக்காரனுக்குப் புரியணும், அவ்வளவுதான் எனக்கு."

"உலகத்துல இப்ப யாரும் இப்படிப் போடறதில்லீங்கம்மா. இப்ப டிரெண்டே வேற."

"கோழிக்கு டிரெண்டு தெரியாது ஜெகதீசா," ன்னு சிரிச்சாங்க. நல்லவங்கதானுங்க. அதையும் நான் சொல்லியாகணும்.

டிரெண்டுன்னா என்னன்னு சொல்றேன். இப்ப எல்லாம் வெள்ளை இடம்தானுங்க. பக்கத்துல முக்கால்வாசி சும்மா விட்டுரணும். எழுத்து மெலிசா, ஒடிசலா இருக்கணும். கறுப்பு வேண்டாம், சாம்பல் கலர் போதும், கறுப்பு கண்ணைக் குத்தும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். அதுக்கு மேல போட்டா அது சந்தைக்கடை. டென்மார்க்ல மீன் வளக்கறவங்களுக்குன்னு ஒரு பத்திரிகை வருதுங்க. நெட்ல பாத்தேன். ஒரு பக்கம் பூரா வெறும் தண்ணி. கீழ ஓரத்துல, எறும்பு ஊர்ற மாதிரி நாலு வரி. அதைப் பாத்தா மீன் வளக்கற ஆசையே வந்துரும். அந்த நாலு வரில என்ன இருக்குதுன்னா எனக்கு என்ன தெரியும், அவங்க பாஷை யாருக்குத் தெரியும்? தெரியணும்னே இல்லீங்க. பாத்தாலே போதும். அந்த ஒரு பக்கத்தை நான் எத்தனை நாள் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். சோறு திங்கறப்பகூட செல்லை நிமித்தி வெச்சுப் பாத்துக்கிட்டே தின்பேன். அதைத்தான் இன்ஸ்பிரேஷன்னு சொல்றாங்க. காப்பி அடிக்கறவன் கண்ணால எடுப்பான். இது உள்ள போயி வேற ஒண்ணா வெளிய வரும்.

நம்ம தமிழ்ல ஒரு சங்கடம். வார்த்தை நீளம். இங்கிலீஷ்காரன் மூணு எழுத்துல முடிச்சுட்டுப் போயிருவான். நம்மாளு 'கலந்துவிடாதீர்கள்'ம்பான். ஒரே வார்த்தைல பத்தி முடிஞ்சு போகும். அதனால நான் தலைப்பெல்லாம் ஒத்தை வார்த்தைல வெப்பேன்.

முதல் இதழ் வந்துச்சு. வெள்ளை அட்டை. நடுவுல ஒரு வெள்ளை முட்டை. முட்டையோட நிழல் மட்டும் லேசா. பத்திரிகைப் பேரை 'முட்டை'ன்னு சுருக்கி ஓரத்துல வெச்சேன். மறுநாளே மோகனூர் ஏஜெண்டு கூப்பிடறாரு. "சார், எங்களுக்கு வந்த கட்டுல அட்டை அச்சாகல. எல்லாம் வெள்ளையா இருக்குது." உத்துப் பாருங்க சார், முட்டை இருக்குதுன்னேன். "எங்க சார்?" ங்கறாரு. இப்படிப்பட்ட ஆளுகளோட நான் மாரடிச்சேன்.

ஆனா என்ற அக்கா பாத்தாளுங்க. சாந்தாமணின்னு பேரு. எனக்கு மூத்தவ. எருமப்பட்டிக்கு அக்கட்டால ஒரு சின்னப் பண்ணை வெச்சிருக்கறா, ஒரே ஷெட்டு. மச்சான் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டறாரு, வாரத்துல பாதி நாள் ரோட்டுலதான். பண்ணை முழுக்க அவ பொறுப்பு. நான் ஓவியம் படிக்கப் போறேன்னப்போ எங்கப்பா சோத்துத் தட்டை எட்டி எறிஞ்சாரு. அக்காதான் எனக்காக நின்னா. "அவன் படிக்கட்டும், நான் கட்டிக்கப் போற எடத்துல சொல்லி வாங்கித் தர்றேன் பீஸு," ன்னா. சொன்ன மாதிரியே செஞ்சா.

அந்த வெள்ளை அட்டையைப் பாத்துட்டுக் கூப்பிட்டா. "சாமி, புக்கு வந்துச்சுடா. என்ன சுத்தமா இருக்குது! தொடறதுக்கே கை கழுவிட்டுத் தொடணுமாட்ட இருக்குது." டாக்டரம்மா சொல்லல. ஏஜெண்டு சொல்லல. என்ற அக்கா சொன்னா. பண்ணைக்கு யாரு வந்தாலும், தீவனக்காரன் வந்தாலும், கரண்டு பில் எடுக்க வந்தாலும், "இது என்ற தம்பி பண்ணுன புக்கு," ன்னு காட்டுவாளாம்.

திருச்செங்கோடு தாண்டிட்டமா? இப்பத்தானா? இந்த பஸ்ஸு எல்லா எடத்துலயும் நிக்குது.

அந்த மழை ஞாபகம் இருக்குதுங்களா, அறுப்பு சமயத்துல பேஞ்சுதே? களத்துல காயப் போட்ட மக்காச்சோளமெல்லாம் நனைஞ்சுது. அப்ப டாக்டரம்மா ஊர்ல இல்ல. பொண்ணுக்குப் பிரசவம்னு பெங்களூர் போயிருந்தாங்க. அங்கிருந்தே ஒரு கட்டுரை டைப் பண்ணி அனுப்புனாங்க. மேல தலைப்பு, 'எச்சரிக்கை! மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சோதிக்காமல் கலந்துவிடாதீர்கள்!!!' பாருங்க, எண்ணிப் பாருங்க ஆச்சரியக்குறியை.

ஃபோன் பண்ணேன். "அம்மா, இது ஒரு முழுப் பக்கம் தர்றேனுங்க. ஆனா கத்த வேண்டாமே. மெதுவாச் சொல்லலாம்."

பின்னால குழந்தை வீல்னு அழுகுது. "எதையாச்சும் பண்ணுப்பா. விஷயம் போய்ச் சேரணும், இந்த மாசமே போய்ச் சேரணும்," ன்னுட்டு வெச்சுட்டாங்க.

அந்தப் பக்கத்துக்கு நான் உழைச்ச மாதிரி எதுக்கும் உழைக்கல. சந்தைல போயி ஒரு மூட்டைக்குள்ள கையை விட்டு, பூசணம் புடிச்ச ஒரே ஒரு சோளமணியைத் தேடி எடுத்துட்டு வந்தேன். நெகக்கண்ணு அளவு இருக்கும். அதைப் போட்டோ புடிச்சு பக்கம் பூரா பெருசு பண்ணேன். மஞ்ச மணி, அதுமேல பச்சையும் நீலமும் கலந்து பூசணம், பாசி படிஞ்ச கல்லு மாதிரி, ரத்தினம் மாதிரி. தலைப்பு ஒரே வார்த்தை. 'ஈரம்'. டாக்டரம்மா எழுதுனதை கீழ வலது ஓரத்துல மெலிசா, சாம்பல்ல, ஒரு சின்னப் பத்தியா எறக்குனேன்.

இருங்க, பையிலயே இருக்குது. இன்டர்வியூவுக்கு இதைத்தான் முதல் பக்கமா வெச்சிருக்கேன். புடிங்க. ஓரத்துல புடிங்க. எப்படி இருக்குது? எழுத்தா? அது இங்க, இந்த ஓரத்துல. கண்ணாடி போட்டுக்கங்க. பஸ்ஸு ஆடுதுங்க, அதான். சரி குடுங்க, அப்புறம் பாக்கலாம்.

டாக்டரம்மாவுக்கு செல்லுக்கு அனுப்புனேன். "எழுத்துப்பிழை இல்ல, சரி" ன்னு பதில் வந்துச்சு. சரின்னு சொன்னது யாருங்க? அவங்கதான. நாளைக்கு யாராச்சும் கேட்டா இதையும் சேத்துச் சொல்லுங்க.

அந்தப் பக்கத்தை நான் நெட்ல போட்டேன். அடேங்கப்பா. எங்கெங்கிருந்தோ லைக்கு. போர்ச்சுகல்ல இருந்து ஒரு டிசைனர், பெரிய ஆளு அவ, "என்ன ஒரு அழகு, இது என்ன மொழி?" ன்னு கேட்டிருந்தா. தமிழே தெரியாதவங்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேந்துருச்சுங்க. இதுக்கு மேல ஒரு பக்கம் என்ன பண்ணணும்?

அக்கா கூப்பிட்டா. "ஜெகா, அந்த சோளப் படம் போட்ட பக்கம் இருக்குதே, என்ன சாமி அது, கண்ணை எடுக்க முடியல. கிழிச்சு தீவன ரூம் சுவத்துல ஒட்டிட்டேன். சோளம்ங்கறதால அங்கயே ஒட்டிட்டேன்."

நீங்களே சொல்லுங்க. ஒரு பக்கம் நல்லா இல்லாட்டி யாராச்சும் சுவத்துல ஒட்டுவாங்களா? காலண்டரைத்தான் ஒட்டுவாங்க, சாமி படத்தை ஒட்டுவாங்க. பத்திரிகைல இருந்து ஒரு பக்கத்தைக் கிழிச்சு ஒட்டறதுன்னா அது என்ன லேசுப்பட்ட காரியமா?

அப்புறம் கொஞ்ச நாள் ஒண்ணும் இல்ல. நான் அடுத்த இதழுக்கு வேற ஒண்ணு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். முழுக்க முழுக்க கோழி இறகு மட்டும் வெச்சு ஒரு இதழ். அப்ப ஒரு நாள் காலைல அக்கா கூப்பிடறா. குரலே சரியில்ல.

"கோழி தீனி எடுக்க மாட்டேங்குதுடா. முட்டை பாதிக்குப் பாதி கொறஞ்சு போச்சு. கொண்டையெல்லாம் வெளுத்துப் போயி, சிலுப்பிக்கிட்டு உக்காந்திருக்குது. இன்னிக்கு விடிஞ்சதும் போயிப் பாத்தா கூண்டுக்குக் கூண்டு செத்துக் கெடக்குது. உங்க டாக்டரம்மாகிட்டச் சொல்றியா?"

டாக்டரம்மா அதுக்குள்ள ஊர் திரும்பியிருந்தாங்க. சொன்னேன். அவங்க கைல டீ டம்ளரு. அப்படியே மேஜைல வெச்சுட்டாங்க.

"சோளம் எங்க வாங்குனா?"

"தெரியலீங்கம்மா."

"உங்கக்காதான. நம்ம புக்கு போகுதில்ல அவளுக்கு? படிச்சாளா இல்லையா?"

"போகுதுங்கம்மா. அந்தப் பக்கத்தை சுவத்துலயே ஒட்டி வெச்சிருக்கறா."

என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "வண்டில ஏறு," ன்னாங்க.

அவங்க கார்லயே போனோம். ஷெட்டுக்குள்ள நுழையறப்பவே தெரிஞ்சுதுங்க. கோழிப் பண்ணைன்னா ஒரு எரைச்சல் இருக்கும், பேசுனா காது கேக்காது. அன்னிக்கு அக்கா செருப்புச் சத்தம் கேக்குது எனக்கு. வாசல்ல தீவனச் சாக்கு ரெண்டு, மூடி வெச்சிருந்துச்சு. உள்ள செத்த கோழி. டாக்டரம்மா ஒண்ணை எடுத்து அங்கயே சாக்கு மேல போட்டு அறுத்தாங்க. ஈரலைத் தூக்கிக் காட்டுனாங்க. அது கறுஞ்சிவப்பா இருக்கணுமாம். மஞ்சளா, களிமண்ணு மாதிரி இருந்துச்சு. அந்த மஞ்சளை நான் இதுவரைக்கும் எதுலயும் பாத்ததில்ல.

"சோள மூட்டையைக் காட்டு," ன்னாங்க.

அக்கா தீவன ரூமைத் தொறந்தா. மூட்டை அடுக்கி வெச்சிருக்குது. அதுக்கு நேர் மேல, சுவத்துல, என்ற பக்கம். நாலு மூலைலயும் டேப்பு போட்டு, கோணாம, நேரா ஒட்டியிருக்கறா. கீழ இருந்த மூட்டையைப் பிரிச்சா குப்புனு ஒரு வாடை. டாக்டரம்மா ஒரு கை சோளத்தை அள்ளி வெளிய கொண்டு போயிப் பாத்துட்டு, திரும்ப உள்ள வந்து சுவத்துக்குக் கிட்டப் போயி நின்னாங்க. கண்ணாடியை ஏத்திப் போட்டுக்கிட்டாங்க.

அக்காவுக்கு என்ன தெரியும்? "நம்ம ஜெகா பண்ணுனதுங்க டாக்டரம்மா," ன்னா. அந்த நெலமைலயும் அதைச் சொன்னா.

"சாந்தாமணி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"எழுத்து இருக்குதுங்களா?" அக்கா கிட்டப் போயிப் பாத்தா. "அட, இருக்குது. ஈரம்னு மேல போட்டிருந்துச்சுங்களா, கவிதைன்னு நெனைச்சேன். கவிதைல எனக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா என்ற பக்கம் திரும்பல. சுவத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "ஜெகதீசா, உங்கக்காவுக்கு அதைப் படிச்சுக் காட்டு."

படிக்கப் போனேன். அந்த ரூம்ல வெளிச்சம் சரியில்லீங்க. ஒரே ஒரு பல்பு, அதுலயும் தூசி. பக்கத்தை அப்படியே உரிச்சு எடுத்துட்டு வெளிய வெயிலுக்கு வந்தேன். அங்கயும் ஒரு தொந்தரவு. சாம்பல் கலர் அச்சாகறப்போ புள்ளி புள்ளியாத்தான் விழும். எழுத்து மெலிசுங்கறதால மெய்யெழுத்துக்கு மேல இருக்கற புள்ளியையெல்லாம் முழுங்கிருச்சு. 'க்' எல்லாம் 'க' ஆயிருச்சு. அது பிரஸ்காரன் தப்பு. நான் கம்ப்யூட்டர்ல பாத்தப்போ ஒவ்வொரு புள்ளியும் இருந்துச்சு.

எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். சின்னப் பையன் பாடம் படிக்கற மாதிரி. 'பருவம் தவறிப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளம் இப்போது சந்தைக்கு வருகிறது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். மூட்டையின் அடியிலிருந்து எடுத்துச் சோதிக்காமல் தீவனத்தில் கலக்காதீர்கள். முட்டை குறைந்தால், கொண்டை வெளுத்தால், அன்றைக்கே அந்தச் சோளத்தை நிறுத்துங்கள்.'

அன்றைக்கேங்கறதை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். எழுத்து சரியாத் தெரியல. தூசி.

அக்கா கைல ஒரு கோழி இருந்துச்சு. இன்னும் உசுரோட இருந்தது. அதோட கழுத்தைத் தடவிக்கிட்டே கேட்டா. "ஏஞ்சாமி, இதை நீ ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? படம் நல்லா இருக்குதுன்னு நான் அத்தனை நேரம் பேசுனேனே, அப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

எப்படிண்ணா சொல்றது? எனக்கு என்ன தெரியும்? எனக்கு அது டெக்ஸ்ட்டு. இத்தனை அகலம், இத்தனை உசரம். ஒரு கொத்தனாரு செங்கல்லைப் படிச்சுப் பாத்தா கட்டறாரு? ஆனா அதை அவகிட்டச் சொல்லல. "மறந்துட்டேன்க்கா," ன்னேன். "சரி விடு," ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

பாதி ஷெட்டு போச்சு. மிச்சமிருந்தது முட்டை விடாதுன்னுட்டாங்க, கறிக்குத் தள்ளி விட்டா. மச்சான் லாரி நின்னதும் வந்து காலிக் கூண்டைப் பாத்துட்டு, சாப்பிடாமயே அடுத்த லோடுக்குப் போயிட்டாரு. அவரு என்கிட்ட இன்னும் பேசல. பேசறதுக்கு நானும் போகல. அவருக்கு அச்சு விஷயம் புரியாது.

டாக்டரம்மா என்னை வேலையை விட்டுப் போன்னு சொன்னாங்கன்னு நெனைக்கறீங்களா? இல்லவே இல்ல. சொல்லியிருந்தாக்கூட பரவால்ல. மறுநாள் என்ற பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாங்க. "நான் சொல்லச் சொல்லப் போடு." சிவப்பு. கறுப்பு. இருக்கறதுலயே தடிச்ச எழுத்து. எச்சரிக்கைன்னு பக்கத்துல கால்வாசி. மூட்டை படம், அதுமேல பெருக்கல் குறி. ஆச்சரியக்குறி மூணு. "இன்னொண்ணு போடு," ங்கறாங்க, நாலு! என்ற கையே என்ற கை மாதிரி இல்ல. மௌஸைப் புடிச்சிருக்கேன், கண்ணை மூடிக்கலாமான்னு இருக்குது. அந்த இதழை அவசரமா அச்சடிச்சு சந்தா இல்லாத பண்ணைக்கெல்லாம்கூட சும்மா அனுப்புனாங்க.

முடிச்சதும் கேட்டேன். "அம்மா, இந்த இதழ்ல வடிவமைப்புன்னு என்ற பேரு வேண்டாமுங்க. எடுத்துரட்டுங்களா?"

"ஏன்?"

"இது என்ற கைல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா நான் வெளிய தலைகாட்ட முடியாதுங்கம்மா."

அவங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. ரொம்ப நேரம் தொடைச்சாங்க. "உங்கக்கா ஷெட்டுல தலைகாட்ட முடியுதா உனக்கு?" ன்னாங்க.

அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். சொல்லுங்கண்ணா, அந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? வேலை பேசறப்போ வேலையைப் பேசணும். அக்காவை எதுக்கு இழுக்கணும்?

அந்த போர்டைப் பாத்தீங்களா? இப்பப் போச்சே. மஞ்சள்ல வெள்ளை எழுத்து. யாராச்சும் படிக்க முடியுமா?

வீட்டுலயே ரெண்டு மாசம் கெடந்தேன். உக்காந்தா நிக்கணும்னு தோணும், நின்னா நடக்கணும்னு தோணும். போர்ச்சுகல்காரி அப்புறம் ஒண்ணும் எழுதல. நெட்டைத் தொறந்தா எல்லாம் மாறிப் போச்சு. இப்ப வெள்ளை இடம் பழசாம். இப்ப தடிச்ச எழுத்து, பளீர்னு சிவப்பு, பக்கம் பூரா நெருக்கி அடைக்கறது, அதுதான் டிரெண்டாம். நாடகத்து நோட்டீஸ் மாதிரி. டாக்டரம்மா பண்ணச் சொன்னதை எடுத்து நெட்ல போட்டா ஆயிரம் லைக்கு விழும் இன்னிக்கு. பேரு போடலையே, என்ன பண்றது. எனக்கு எதைப் பாத்தாலும் ஒட்டல. அந்தப் புது டிரெண்டுல ஒரு பக்கம் பண்ணி இதோ பையில வெச்சிருக்கேன். துணிக்கடைக்காரங்க எதைக் கேப்பாங்களோ தெரியல.

அக்கா? அக்கா சும்மா உக்காரற ஆள் இல்லீங்க. ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்படிச்சு, மறுபடி ஆரம்பிச்சுட்டா. இன்னிக்குத்தான் புதுக் குஞ்சு எறங்குது. "வர்றியா சாமி?" ன்னு நேத்து கேட்டா. இன்டர்வியூ இருக்குதுக்கான்னேன். "அப்ப அங்க போ," ன்னா. போகலாமா வேண்டாமான்னு காலைல பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு இருந்தேன். இந்த பஸ்ஸு முதல்ல எடுத்துட்டான்.

இருங்கண்ணா. அவதான் கூப்பிடறா.

அக்கா, சொல்லு. வண்டி வந்துருச்சா? எறக்கியாச்சா? கேக்குது, கேக்குது, கீச்சு கீச்சுன்னு இங்க வரைக்கும் கேக்குது. பல்பு உசரத்தைப் பாத்துக்க. எல்லாம் பல்புக்கு அடியில போயி அடைஞ்சா அதுகளுக்குக் குளுருதுன்னு அர்த்தம், கொஞ்சம் எறக்கிக் கட்டு. என்னது? உமி மேல எதை விரிச்சிருக்கறே?

என்ற புக்கையா?

அக்கா, எடுத்துரு அதை. இல்ல, கோவமெல்லாம் இல்ல, நீ கேளு. அது வழவழன்னு இருக்கற காகிதம். குஞ்சு நிக்காது, வழுக்கும். ரெண்டு காலும் ரெண்டு பக்கமா விரிஞ்சு போயிரும், அப்புறம் அது எந்திரிக்கவே எந்திரிக்காது. எல்லாத்தையும் உருவு. ஆமா, வெள்ளை அட்டை போட்டதுந்தான். ஒண்ணுகூட வேண்டாம். சாதா நியூஸ் பேப்பரைப் போடு, சொரசொரன்னு இருக்கும், கால் பிடிக்கும். அதுமேல தீனியைத் தூவு. வீட்டுல இல்லையா? மளிகைக்கடைல கேளு. பக்கத்துத் தோட்டத்துல கேளு. என்கிட்டப் பேசிக்கிட்டு நிக்காதக்கா, ஓடு. மொதல்ல குஞ்சைத் தள்ளி விட்டுட்டு ஓடு!

எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்களா? ரொம்பச் சத்தம் போட்டுட்டனுங்களா? மன்னிச்சுக்கங்க.

அதெல்லாம் டாக்டரம்மா எழுதுனதுங்க. 'குஞ்சு இறக்கும் நாள்'னு ஒரு கட்டுரை. நான் போட்ட முதல் இதழ்லயே இருந்துச்சு. நான்தான் பக்கம் வெச்சேன்.

போன வாரந்தான் படிச்சேன்.